காவலும் ஆறுதலும்

ஓர் ஊரில் ஒரு வீட்டின் பூட்டு உடைக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். பொழுது விடிந்ததும் தெரு முழுவதும் அவ்வீட்டு வாசலில் கூடிவிடும். காவல் துறையினர் வருவர். கைரேகை வல்லுநர் வருவர். மோப்ப நாய் தெருமுனை வரை ஓடி நிற்கும். எத்தனை பவுன் போயிற்று, எவர் மீது ஐயம், பீரோச் சாவி எங்கே இருந்தது என்னும் கேள்விகள் நூறு முறை கேட்கப்படும். மாலைக்குள் கூட்டம் கலைந்துவிடும். விளக்கேற்றும் வேளையில் அவ்வீட்டார் மட்டும் தனித்திருப்பர். உடைந்த தாழ்ப்பாளைக் கயிற்றால் கட்டிவிட்டு, அந்தக் கதவின் பின்னே இன்றிரவு இவர்கள் எவ்வாறு கண்ணுறங்குவார்கள் என்னும் கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

குற்றம் செய்தவனைத் தேடிச் செல்வது காவல் துறையின் கடன். குற்றத்தால் அடிபட்டவரைத் தேடிச் செல்வது யாருடைய கடன்? இதனைக் குறித்து இத்திங்கள் நம் வாசக அன்பர்களோடு சிறிது சிந்திக்க விழைகிறோம்.

கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பங்குப் பணியில் மக்களோடு வாழ்ந்து வருகிறோம். சாவு வீட்டிற்கு எவ்வாறு செல்ல வேண்டும் என்பதை நம் மக்கள் நன்கறிவர். அடுப்பு மூட்டாத வீட்டிற்கு அண்டை வீட்டார் காப்பியும் கஞ்சியும் கொண்டு வருவர். இரவில் உறவினர் துணைக்குப் படுத்துக்கொள்வர். ஏழாம் நாள் பூசைக்கும் முப்பதாம் நாள் பூசைக்கும் சுற்றம் கூடும். ஆண்டு திரும்பினால் நினைவுத் திருப்பலி உண்டு. துயருற்றோரைத் தாங்குவதற்கு நம் முன்னோர் நாள் குறித்து முறை வகுத்து வைத்தனர். ஆனால் களவு போன வீட்டிற்கு அத்தகைய முறை எதுவும் இல்லை. வெட்டுப்பட்டவர் வீட்டிற்கும் இல்லை. மானபங்கத்திற்கு உள்ளான பெண்ணின் வீட்டிற்கும் இல்லை. முதல் நாள் வேடிக்கை, இரண்டாம் நாள் புறம்பேச்சு, மூன்றாம் நாள் மறதி. இதுவே நாம் காணும் வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுவோம். பல்லாண்டுகள் மறைக்கல்வி கற்பித்து வந்த ஓர் அம்மையார் விடியற்காலைப் பூசை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அவரது தாலிச் சங்கிலியைப் பற்றி இழுத்தனர். சங்கிலி அறுபடுமுன் அவர் பத்தடி தூரம் தரையில் இழுபட்டார். கழுத்தைச் சுற்றிக் கயிற்றால் அறுத்தாற்போன்ற காயம்; முழங்கை எலும்பில் விரிசல். சில வாரங்களில் கை தேறியது. கழுத்துத் தழும்பும் மங்கிற்று. ஆனால் அவர் கோவிலுக்கு வருவது நின்றுபோயிற்று. விடியற்காலைப் பூசைக்கு மட்டுமன்று, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் வரவில்லை. 'விசுவாசம் குளிர்ந்துவிட்டது' என்று கூடச் சிலர் பேசிக்கொண்டனர்.

நாம் இல்லம் சென்று வினவியபோது அவர் சொன்னார்: "சாமி, பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எனக்குக் கால் நகரவில்லை. நடுத்தெருவில் நின்று அழுதுவிடுவேனோ என்று வெட்கமாக இருக்கிறது." சற்றுப் பொறுத்து இன்னொன்றும் சொன்னார்: "பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அந்த இருட்டில் அவ்வளவு நகை போட்டுக்கொண்டு ஏன் போனீர்கள் என்று."

ஆறுதல் கூற வந்தவர்களே நீதிபதிகளாக அமர்ந்துவிட்ட கொடுமையை என்னென்பது! வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுதல் என்பது இதுவே. இவ்வாறு கேட்பவர்கள் தீயவர்கள் அல்லர். தமக்கும் இந்நிலை நேருமோ என்னும் அச்சம் அவர்கள் உள்ளத்தில் இருக்கிறது. 'அவள் கவனமின்றி இருந்தாள்; நாம் கவனமாக இருப்போம்; ஆகவே நமக்கு நேராது' என்று தமக்குத்தாமே தைரியம் சொல்லிக்கொள்கின்றனர். தம் அச்சத்தைத் தணித்துக்கொள்ள, அடிபட்டவர் தலையில் பழியைச் சுமத்துகின்றனர். பூட்டை உடைத்தவனை விட்டுவிட்டுப் பூட்டியவரைக் குற்றம் காண்பது எந்த நீதி?

அவ்வம்மையாரைத் தேற்றியது இரண்டு சிறு செயல்கள். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய தலைமைக் காவலர் ஒருவர், இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டிற்குச் சென்றிருக்கிறார். "அம்மா, சங்கிலி கிடைத்துவிட்டது என்று சொல்ல நான் வரவில்லை. இன்னும் கிடைக்கவில்லை. கை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றாராம். ஏட்டையா வந்து போன அன்றிரவுதான் சற்று நிம்மதியாக உறங்கியதாக அம்மையார் நம்மிடம் கூறினார். மற்றொன்று, அதே தெருவைச் சேர்ந்த பெண்கள் இருவர் செய்தது. ஞாயிறுதோறும் அவர் வாசலில் வந்து நிற்பார்கள். அறிவுரை ஏதும் கூறமாட்டார்கள். அவரைச் சுவரோரமாக நடக்கவிட்டு, தாம் இருவரும் சாலைப் பக்கமாக நடந்து வருவார்கள். மூன்று மாதம் இவ்வாறு நடந்தது. பிறகு ஒருநாள் அம்மையார் தனியே நடந்து வந்தார்.

இத்தகைய அச்சம் மனக்கோழைமை அன்று. இறைப்பற்றுக் குறைவும் அன்று. பேரதிர்ச்சிக்கு உள்ளானவருக்கு உறக்கம் கெடுவதும், சிறு ஓசைக்கும் உடல் திடுக்கிடுவதும், நடந்த காட்சி கண்முன் மீண்டும் மீண்டும் வருவதும், 'என்னால்தானோ' என்று தம்மையே நொந்துகொள்வதும் இயல்பு. பெரும்பாலோருக்கு இவை சில வாரங்களில் தாமே தணிந்துவிடும். ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்து, வேலைக்குச் செல்லவோ வீட்டைக் கவனிக்கவோ முடியாத நிலை ஏற்படின் மனநல மருத்துவரை நாடுதல் வேண்டும். 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மனஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் அழைக்கலாம். அண்டை வீட்டார் கொடுக்கும் தூக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் பிற அமைப்புகளோடு சேர்ந்து 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, மருத்துவர் அல்லாத எளியோரும் செய்யத்தக்க மூன்று செயல்களைக் கூறுகிறது: பார்த்தல், கேட்டல், இணைத்தல். அடிபட்டவருக்கு என்ன தேவை என்று பார்க்க வேண்டும். அவர் சொல்ல விரும்புவதைக் கேட்க வேண்டும். உதவி கிடைக்கும் இடத்தோடு அவரை இணைத்துவிட வேண்டும். நடந்ததை விவரிக்குமாறு அவரை வற்புறுத்தலாகாது என்பதையும் அக்கையேடு வலியுறுத்துகிறது. துக்கம் கேட்கச் செல்வோர் மறவாதிருக்க வேண்டிய ஒன்று இது. நமக்குக் கதை தேவை என்பதற்காக அவர் மீண்டும் அந்த இருட்டுக்குள் செல்லத்தான் வேண்டுமா?

இணைத்தல் என்றதும் காவல் நிலையத்திற்குத் துணையாகச் செல்லுதல் முதலில் நினைவிற்கு வருகிறது. தனியே செல்ல அஞ்சுவோர் நம்முள் எத்தனை பேர்! துணை செல்பவர் சட்டத்தில் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். 2024 ஜூலை முதல் நாளிலிருந்து குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எவ்விடத்தில் நடந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் படியைக் கட்டணமின்றிப் பெறலாம். புலன் விசாரணை எந்த அளவில் உள்ளது என்பதைத் தொண்ணூறு நாள்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவித்தாக வேண்டும். பெண்களையும், பதினைந்து வயதிற்குட்பட்ட சிறுவரையும், அறுபது வயதைக் கடந்த முதியவரையும் சாட்சி விசாரணைக்காக நிலையத்திற்கு வருமாறு கட்டாயப்படுத்தலாகாது. அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும்.

உயிரிழப்பு, கடுங்காயம், பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு போன்றவற்றால் பாதிக்கப்பட்டோருக்கு அரசு இழப்பீடு உண்டு. குற்றவாளி யாரென்று கண்டறியப்படாவிடினும், பாதிக்கப்பட்டவர் யாரென்று தெரிந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்னும் எண் அதற்குரியது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, எந்த அவசரத்திற்கும் 112.

குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். சிறுவரிடம் நடந்த பாலியல் குற்றத்தை, 'குடும்ப மானம்' என்றும் 'ஊர் மானம்' என்றும், ஏன், 'கோவில் மானம்' என்றும் சொல்லிச் சமாதானம் பேசி மறைப்பவர் உண்டு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தும் தெரிவியாதிருப்பதே தண்டனைக்குரிய குற்றம். அக்குழந்தையின் வாக்குமூலத்தைச் சீருடை அணியாத அதிகாரி, குழந்தை விரும்பும் இடத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும், இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. சட்டமே இத்துணைப் பரிவு காட்டும்போது, நாம் பாராமுகமாய் இருக்கலாமா?

இனி, காவல் பணியில் பொதுமக்கள் பங்கு பெறுதல் என்னும் பொருளுக்கு வருவோம். அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 2008-இல் ஜனமைத்ரி என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு பகுதிக்குப் பொறுப்பான காவலர் அங்குள்ள வீடுதோறும் சென்று மக்களை அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. தமிழகத்திலோ அதற்குப் பல்லாண்டு முன்னரே, 1993-இல், இராமநாதபுரம் மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் அவர்கள் 'போலீஸ் நண்பர்கள் குழு' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அவ்வதிகாரியும் ஒரு கொடுஞ்செயலின் காயத்தை உடலில் சுமந்தவர். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி அவர்களின் உயிரைக் குடித்த குண்டுவெடிப்பில் படுகாயமுற்றுப் பிழைத்தவர். அன்று குருதி தோய்ந்த அவரது தொப்பி வழக்கின் சான்றுப் பொருளாக நீதிமன்றத்தில் இருந்தது. 2021 செப்டம்பரில் ஓய்வு பெற்ற நாளன்று, நீதிமன்ற அனுமதியோடு அதே தொப்பியை அணிந்து விடைபெற்றார். முப்பது ஆண்டுகள் கடந்தும் அந்நாள் அவரை விட்டு அகலவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

காவலரும் குடிமக்களும் ஒருவரையொருவர் அஞ்சாமல் பழகுதல், குற்றம் நிகழுமுன் தடுத்தல் என்னும் நன்னோக்குடனேயே அவ்வியக்கம் வளர்ந்தது, மாநிலமெங்கும் பரவியது. ஆயின் 2020 ஜூன் திங்களில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைக் கடந்து கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் கூறிக் காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்ட ஜெயராஜ் என்னும் தந்தையும் பென்னிக்ஸ் என்னும் மகனும் அடுத்தடுத்து உயிரிழந்தனர். நாடே அதிர்ந்தது. அச்சம்பவத்தில் இக்குழுவினர் சிலருக்கும் தொடர்பு உண்டெனக் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த திங்களில் அரசு அவ்வமைப்பைத் தடை செய்தது. அந்நிலையத்திலேயே பணிபுரிந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம் தாம் கண்டதை அஞ்சாமல் எடுத்துரைத்தார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். காவலர் நண்பர் என்னும் பெயருக்கு உண்மையில் உரியவர் அவரே எனலாம்.

இதிலிருந்து நாம் கற்பது யாது? குடிமக்களின் பங்கு காவலரின் லத்திக்குப் பக்கத்தில் இல்லை; காயப்பட்டவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உள்ளது. அதிகாரத்தில் ஒரு துண்டை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளும் எளிய மனிதன் எளிதில் இடறிவிடுகிறான். சீருடையோ கம்போ இன்றி, இரவில் துணைக்குப் படுத்துக்கொள்ள ஒரு பாயோடு செல்பவன் இடறுவதில்லை. திருடனைப் பிடிக்கப் பயிற்சி வேண்டும், சட்டத்தின் ஆணை வேண்டும். பயந்திருப்பவரோடு அமர்ந்திருக்க அவை வேண்டுவதில்லை.

முற்கூறிய அம்மையாரின் சங்கிலியைப் பறித்தவருள் ஒருவன் பின்னர் பிடிபட்டான். அவன் நம் பங்கிலேயே வாழ்ந்த, சந்தையில் கருவாடு விற்கும் ஒரு தாயின் மகன். அன்றிரவு அத்தாய் நம் அறைவீட்டு வாசலில் வந்து நின்றாள். "சாமி, அவன் செய்தது தப்புதான். தண்டனை கொடுக்கட்டும். அடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாள். கைதானவரின் உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், கைதுக் குறிப்பு எழுத வேண்டும் என்று டி. கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் விதித்துள்ளது. இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. வழக்கறிஞர் ஒருவரை அழைத்துக்கொண்டு நாம் நிலையம் சென்றோம். எல்லாம் முறைப்படி நடந்தது.

மறுநாள் பங்குப் பேரவையில் சினம் பொங்கிற்று. "அந்த டீச்சருக்கும் ஒரு கண்ணீர், திருடனுக்கும் ஒரு கண்ணீரா, சாமி?" என்று ஒருவர் கேட்டார். சந்தையில் அத்தாயிடம் கருவாடு வாங்குவதைப் பலர் நிறுத்தினர். இச்செய்தியை நாமே நேரில் சென்று அம்மையாரிடம் கூறினோம். பிறர் வாயால் அவர் கேட்கலாகாது என்று எண்ணினோம். நெடுநேரம் பேசாதிருந்த அவர் சொன்னார்: "அவனை மன்னித்துவிட்டாயா என்று இப்போது கேட்காதீர்கள், சாமி. எனக்கே தெரியவில்லை. ஆனால் அவனை அடித்தால் என் பயம் போய்விடாது."

இச்சொல்லை நாம் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. மன்னிப்பு உயர்ந்தது, ஆயினும் அதனை அடிபட்டவரிடம் கடன் வசூலிப்பதுபோல் நெருக்கிக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை, குருக்களாகிய நமக்கும் இல்லை. அதுபோலவே, அடிபட்டவருக்கு ஆதரவு என்பது அடித்தவனின் தாயைப் பட்டினி போடுவதும் அன்று. ஒரு குற்றம் இரண்டு வீடுகளில் விளக்கை அணைத்துவிடுகிறது. இரண்டு வாசலிலும் ஏறி இறங்க நம்மில் சிலர் வேண்டும்.

எரிகோவுக்குச் செல்லும் வழியில் கள்வர் கையில் அகப்பட்டவனின் உவமையை நாம் அறிவோம். அக்கள்வர் பிடிபட்டனரா என்பது குறித்து உவமையில் ஒரு சொல்லும் இல்லை. சமாரியன் காயத்தைக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், இரண்டு தெனாரியம் கொடுத்தான். இவற்றை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்றான் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். முதல் நாள் உதவி பலர் செய்வர். திரும்பி வருபவரே அயலார்.

ஆகவே, சாவு வீட்டிற்கு இருப்பதுபோல் களவு வீட்டிற்கும் நம் அன்பியங்கள் முறை ஒன்றை வகுத்துக்கொண்டால் என்ன? முதல் நாள் தச்சரை அழைத்து வந்து கதவைச் சீர்செய்து கொடுத்தல். இரவுச் சாப்பாடு கொண்டு செல்லுதல். அவர்கள் விரும்பினால் இருவர் துணைக்குத் தங்குதல். ஏழாம் நாள், கேள்வி ஏதும் கேளாமல் ஒரு முறை சென்று வருதல். முப்பதாம் நாள், உறக்கம் வருகிறதா என்று வினவி, வரவில்லையேல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல். ஆண்டுகள் கழித்து வழக்கு விசாரணைக்கு வருகையில், சாட்சிக் கூண்டில் ஏறும் நாளன்று நீதிமன்ற வராந்தாவில் உடன் அமர்ந்திருத்தல். அந்த நாளை ஊர் மறந்திருக்கும். அவர் மட்டும் மறந்திருக்கமாட்டார். இவற்றிற்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. ஒரு குறிப்பேடும், நாள்களை மறவாது எழுதி வைக்கும் ஒருவரும் போதும்.

அன்பர்களே, உங்கள் தெருவில் கடந்த ஓராண்டில் களவு போன வீடு எது, அடிபட்டவர் யார் என்று இன்றிரவு சற்று நினைத்துப் பாருங்கள். காவலர் அங்கு வந்து போய்விட்டனர், கூட்டமும் கலைந்துவிட்டது. நாளை மாலை ஒரு நடை சென்று, அவர்கள் வாசலில் நின்று, 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று மட்டும் கேட்டு வாருங்கள்.